பனியும் பதினெட்டு டன்னும்

பிப்ரவரி 9, திங்கள்
நேற்று எங்கள் ஊர் ஃபோர்லி அணி மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. இன்று காலையே கூடைப்பந்துத் தரையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை பாடகர் மிர்கோ வல்தேசியின் கச்சேரி. ஆறாயிரம் டிக்கெட்டும் தீர்ந்துவிட்டது. விளக்கு, ஒலிபெருக்கி, திரை எல்லாம் சேர்த்து அரங்கத்தின் கூரையில் பதினெட்டு டன் தொங்க வேண்டும். தொங்கவிடுவது என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பல்புகூட மேலே போகாது. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

பிப்ரவரி 11, புதன்
பனி கொட்டுகிறது. விடவே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்
கூட வேலை செய்யும் இவோவும் நானும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறினோம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பனியை வெட்டி, சாக்கில் போட்டு நிறுத்தோம். இருபத்தாறு கிலோ. ஈரப்பனி, கல் மாதிரி. பொறியாளரின் அட்டவணைப்படி இவ்வளவு பனிக்குக் கீழே ஏழு டன்தான் தொங்கலாம்.

கச்சேரிக் குழுவின் மேலாளர் தொனீனியிடம் சொன்னேன். மனிதர் முகம் சிவந்துபோயிற்று.

"பனியைத் தள்ளிவிடச் சொல்லுங்க!"

"ஒரு பக்கம் பனி குறைஞ்சு மறுபக்கம் நின்னா கூரைக்கு இன்னும் மோசம். பெய்ஞ்சுக்கிட்டேவேற இருக்கு."

"இத்தனை ஊர்ல தொங்கினது உங்க ஊர்ல தொங்காதா?"

"அந்த ஊர்க் கூரைக்கு நான் கையெழுத்துப் போடல."

பிப்ரவரி 13, வெள்ளி
சாப்பாட்டு நேரத்தில் இவோ பியாதீனா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தான். இருபது வருஷம் என் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன். "நீவெஸ், அட்டவணைல எப்பவும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலா விட்டுத்தான் எழுதுவாங்க. கையெழுத்தப் போட்டுத் தொலையேன். இந்தக் குழு இனி நம்மளக் கூப்பிடவே மாட்டாங்க."

"அந்தக் கூடுதல் எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அதனால்தானே மாட்டேன் என்கிறேன்! இதுகூடவா புரியல அவனுக்கு? அவன்மேல்தான் கோபம், தொனீனிமேல்கூட இல்லை.

நாலு மணிக்கு வல்தேசியே வந்தார். மேடையில் பார்ப்பதைவிடக் குள்ளம், தொண்டையில் கம்பளித் துண்டு. தொனீனி பேச வாயெடுத்தார்; இவர் கையமர்த்தினார்.

"ஏழு டன்ல என்னம்மா கிடைக்கும்?"

"உங்க குரல் கடைசி வரிசைவரைக்கும் கேக்கும். விளக்குல பாதியத் தரையிலேர்ந்து அடிக்கலாம். திரை கிடையாது."

"திரையில என் மூஞ்சியப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு" என்றார்.

பிப்ரவரி 14, சனி
ஆறு டன் எண்ணூறு கிலோ. கையெழுத்துப் போட்டேன். கச்சேரி தொடங்கும் முன் இவோ ஒவ்வொரு சங்கிலியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நான் சொல்லவில்லை. திரை இல்லாததால் ஜனம் மேடையை நெருங்கி நின்று பாடியது.

பிப்ரவரி 15, ஞாயிறு
பதினெட்டும் தொங்கியிருந்தால் கூரை விழுந்திருக்குமா? இவோ கேட்டான். தெரியாது என்றேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 3, வியாழன்
தொனீனியின் குழு குளிர்காலச் சுற்றுப்பயணத்துக்கு வரைபடம் அனுப்பியிருக்கிறது, எல்லா ஊர் அரங்கங்களுக்கும் சேர்த்து. எடைப் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி: 'கூரையில் பனி இருந்தால்'. நம் ஊருக்கு நேரே அந்தக் கட்டத்தில் மட்டும் எண் போடாமல், தொனீனி பென்சிலால் எழுதியிருக்கிறார்: "நீங்க சொல்லுங்க."