சுகந்தி நின்ற இடம்

ஐப்பசி 9, வியாழன். பாலையூற்று.

இன்று உயிரியல் வகுப்பில் டி.என்.ஏ. இழையில் ஓரிடம் விட்டு இன்னோரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் பாயும் மரபணுவின் அமைப்பைப் பிள்ளைகளை வைத்தே காட்டினேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு துண்டு. இரு முனைகளிலும் ஒரே எழுத்துகள் தலைகீழாக வரும் என்பதற்காக இருவரை முகம் பார்த்து நிற்க வைத்தேன். நடுவில், வெட்டி ஒட்டும் நொதியத்தின் மரபணுவாகச் சுகந்தி. சண்டையால் கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பெரியம்மா வீட்டில் இருக்கிற பிள்ளை. அவளையே இடம் மாறும் துண்டாக நிறுத்துகிறேன் என்று நான் யோசிக்கவேயில்லை.

மூவரும் முன் வாங்கில் இருந்த பிள்ளைகளின் வரிசையை விட்டு எழும்பிப் பின் வாங்குப் பிள்ளைகளுக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி மட்டும் கேட்டாள்.

“துண்டு எழும்பிப் போனா, பழைய இடம் முந்தி மாதிரி வருமோ ரீச்சர்?”

“வராது. அது இருந்த அடையாளமா அங்க சில எழுத்துகள் கூடுதலா நிக்கும்.”

புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

“எங்கட வீட்டு வளவில ஒண்டும் நிக்கேல்லையாம் ரீச்சர். அப்பா போய்ப் பாத்தவர். கிணத்தையும் மூடிப்போட்டாங்களாம்.”

“சரி பிள்ளை, போய் இருங்கோ” என்றேன்.

“எந்த வாங்கில ரீச்சர்?” என்று கேட்டாள்.