நாம் எதையும் தப்பாக அழுத்தவில்லை

இன்று காலை கடையில் புதுக் கம்ப்யூட்டரின் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை முகத்தில் அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாசனை உனக்கு அவ்வளவு பிடிக்கும். மற்றவர்கள் மல்லிகைக்கு மூச்சை இழுப்பதுபோல நீ சிபியுவின் பின்பக்கத்தில் மூக்கை வைத்து இழுப்பாய். நான் சிரித்தால், "நம்ம காசுல வாங்கனது. மோந்தும் பாப்பேன், நக்கியும் பாப்பேன்" என்பாய்.

நீ போன பிறகு நம் கடைக்கு வந்த முதல் மிஷின் இது. ஒயர்களை மாட்டி, ஆன் செய்து, பிரவுசரைத் திறந்தேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து அலைந்து களைத்து வந்திருந்த ஒரு பெரியவருக்குப் பட்டா விண்ணப்பம். பேரும் ஊரும் அடித்து முடிப்பதற்குள் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டது. பெரியவருக்குப் பழைய மிஷினில் முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, விற்ற கடைக்குப் போன் போட்டேன்.

"நீங்க என்னமோ தப்பா அழுத்தியிருப்பீங்க மேடம்," என்றான் எடுத்தவன். "வீட்ல பசங்க யாராவது இருந்தா பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்தபோது காது சூடாகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே வார்த்தை! இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த காலம் உனக்கு மறந்திருக்காது. அங்கே கம்ப்யூட்டர் ஆண்களுக்கு, ஜெராக்ஸ் நமக்கு. தாளை எடுத்து வைத்துக்கொண்டே நீ அவர்களுடைய திரையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். ஒருநாள் முதலாளி எல்லார் முன்னாலும், "அதுல கை வெக்காத, கெட்டுப்போயிடும்" என்று உன்னை விரட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே, "வா, நாம தனியா வெக்கலாம்" என்றாய். ஏதோ டீ குடிக்கக் கூப்பிடுவதுபோலச் சொன்னாய்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேங்கிக்காலில் அந்தச் சின்ன அறை கிடைத்தது. உன் அண்ணன் வந்து வாசலில் நின்று பார்த்தார். "ரெண்டு பொம்பளைங்க கம்ப்யூட்டர் கடை வெச்சா எவன் வருவான்?" என்றார். "எவளாவது வருவா" என்றாய் நீ, துடைத்துக்கொண்டிருந்த மேசையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்.

நம் முதல் புது மிஷின் வந்த வாரமே பிரவுசர் சாக ஆரம்பித்தது. பாதி விண்ணப்பத்தில் பட்டென்று காணாமல் போகும். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். "நான்தான்டி என்னமோ அழுத்திட்டேன் போல" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னபோது, நீ என் மணிக்கட்டைப் பிடித்துக் கீபோர்டு மேல் வைத்தாய்.

"எதை அழுத்தின? காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை.

"அப்போ நீ அழுத்தல. நாம என்னா பண்ணோம்னு தேடாத. அது என்னா பண்ணுதுன்னு பாரு."

விற்ற கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார், அது ஓடியது. "நல்லாத்தான மேடம் ஓடுது? கொஞ்சம் பதமா யூஸ் பண்ணுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிரவுசர் மூடிக்கொண்டது. நீ வாசலுக்கு ஓடிக் கத்தினாய். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த பௌர்ணமியன்று மதியம், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நர்சிங் படித்தவள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கிரிவலக் கூட்டத்தில் ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று பாதி வழி நடந்தே வந்திருந்தாள். மற்ற கடைகளில் ஒன்று பூட்டியிருந்தது, இன்னொன்றில் நெட் இல்லை. நம் கடையில் அவளுடைய போட்டோவை ஏற்றும்போதெல்லாம் பிரவுசர் செத்தது. குழந்தை அழத் தொடங்கியது.

"டவுனுக்குள்ள போயிப் பாக்கட்டுமாக்கா?" என்றாள்.

"இந்தக் கூட்டத்துல கொழந்தைய வெச்சுக்கிட்டு எங்க போவ? உக்காரும்மா. இதுலயே முடிப்போம்" என்றாய்.

நான் உன் தொடையைக் கிள்ளினேன். நீ கண்டுகொள்ளவில்லை.

வேறொரு பிரவுசரை இறக்கிப் பார்த்தாய், அதுவும் செத்தது. கூடச் சேர்ந்திருந்த சின்னச் சின்னத் துணைப் புரோகிராம்களை நீக்கினாய். புதிய யூசர் திறந்தாய். நான் அவசரத்தில் இரண்டு செட்டிங்கைச் சேர்த்து மாற்றப்போக, கையில் அடித்தாய். "ஒண்ணொண்ணா மாத்து. ரெண்டு மாத்திட்டா எதால சரியாச்சுன்னே தெரியாது." ஒவ்வொன்றுக்கும் பிறகு போட்டோவை ஏற்றினோம், ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டது. உனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் உன் முகத்தில் பயம் இல்லை. சண்டைக்கு இறங்கியவளின் முகம்தான் இருந்தது.

திடீரென்று நிமிர்ந்தாய். "சும்மா படிச்சுட்டிருந்தா ஒண்ணும் ஆவல. பக்கம் கனமானாத்தான் போவுது. மெமரி ஜாஸ்தி கேக்கறப்ப சாவுது." சிபியுவைக் கீழே இறக்கி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய். மூடி மேல் கடைக்காரரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அது கிழிஞ்சா வாரண்டி போயிடும்டி!"

"மிஷினே போவுது. வாரண்டிய வெச்சிக்கிட்டு என்னா பண்றது, பூஜையா?" என்று கிழித்தாய்.

உள்ளே ஒரு சீப்பு நீளத்தில், மெமரிக்கான இரண்டு ரேம் அட்டைகள். ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாய், பிரவுசர் செத்தது. அதை மாட்டி மற்றதைக் கழற்றினாய். போட்டோ ஏறியது. அடுத்த பக்கம் வந்தது. அதற்கடுத்த பக்கமும் வந்தது. விண்ணப்ப எண் திரையில் வந்தபோது அந்தப் பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டாள். நீ அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, பிறகு வேறொன்று கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். ஆனால் விண்ணப்பமே போகாமல் அவள் வீடு திரும்பவில்லை.

மறுநாள் தேரடிப் பக்கம், மிஷினை விற்ற அந்தக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கெட்ட ரேமை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாய். கடை முழுக்க ஆட்கள்.

"ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்க, நாங்க பொறுப்பில்ல" என்றார் கடைக்காரர்.

"பொறுப்பெல்லாம் அப்புறம். இதை உங்க மிஷின்ல போட்டு ஒரு தபா ஓட்டிக் காட்டுங்க."

"லேடீஸ் உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலயெல்லாம்?"

நீ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலை மறித்தாற்போல உட்கார்ந்தாய். உள்ளே வந்தவர்களிடமெல்லாம், "புதுசு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க, ஒண்ணு காட்டுவாரு, பாத்துட்டு வாங்குங்க" என்றாய். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது. ஆனாலும் உன் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அவர் அதைத் தன் மிஷினில் மாட்டினார். எல்லார் கண் முன்னாலும் அவருடைய பிரவுசர் மூடிக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள்.

புது ரேமை எடுத்து நீட்டியபடி கடைக்காரர், "யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாருமில்ல. ரெண்டு பேரும் பாத்தோம்" என்றாய்.

பார்த்தது நீ. ஆனால் 'ரெண்டு பேரும்' என்றாய். வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு உடம்புக்கு வந்தபோது ஊரே காரணம் கண்டுபிடித்தது. நேரத்துக்குச் சாப்பிடவில்லை, எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். அவர்கள் போன பிறகு, இதில் என் பங்கும் இருக்குமோ என்று நான் அழுதேன். முன்பே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டுமோ, உன்னைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று புலம்பினேன். மருந்தில் காய்ந்த உதட்டால் நீ மெதுவாகக் கேட்டாய்.

"எதை அழுத்தின? காட்டு."

அழுதுகொண்டே சிரித்தேன். நீயும் சிரித்தாய், வலியோடு.

கருமாதி முடிந்த கையோடு உன் அண்ணன் கடைக்கு வந்தார். "இனிமே எதுக்கும்மா உனக்கு இது? மிஷின் வேலயெல்லாம் தங்கச்சிக்குத்தான் தெரியும். நீ கவுண்டர்ல உக்காந்திருந்தவ. என் பையன் மொபைல் கடை வெக்கணும்ங்கறான், இடத்த விட்டுக் குடுத்துடு." வாடகை ஒப்பந்தம் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது என்று சொன்னேன். "அதான், அதோட பங்கு எங்களுதுதானே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசித்தேன். இந்தப் புது மிஷினை வாங்கினேன். அதுதான் என் பதில்.

இன்றைக்குப் பார்த்து அவர் வந்தார். பிரவுசர் செத்துக்கொண்டிருந்த நேரம். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நான் சொன்னேன்ல?"

"உக்காருங்கண்ணா" என்றேன்.

உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நேராக ரேமுக்குத்தான் போனேன், உன்னால். ஒன்றைக் கழற்றி ஓட்டினேன், மற்றதைக் கழற்றி ஓட்டினேன். இரண்டிலும் செத்தது. இரண்டு ரேமும் ஒன்றுபோலக் கெட்டிருக்க வாய்ப்பு கம்மி. உனக்குத் தெரிந்த விடை தீர்ந்துபோயிருந்தது. இனி உன்னிடம் கேட்க முடியாது.

பிறகு பார்க்க ஆரம்பித்தேன். இது கனத்துக்காகக் காத்திருக்கவில்லை, காலிப் பக்கத்திலும் செத்தது. மிஷினை அதற்கு அவசியமானவை மட்டும் ஓடும்படி சேஃப் மோடில் திறந்தேன். பிரவுசர் மூடாமல் நின்றது. அப்படியானால் மிஷின் நல்ல மிஷின்தான். கூடவே கிளம்பும் ஏதோ ஒன்றுதான் கழுத்தைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் பிறகு பிரவுசரைத் திறந்து பார்த்தேன். அண்ணன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பிடித்துவிட்டேன். மிஷினோடு வந்த வைரஸ் தடுப்பு ஒன்று, அதற்கு மேல் விற்ற கடைக்காரன் தானாகப் போட்டு அனுப்பியது இன்னொன்று. பிரவுசர் திறந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் அதன்மேல் பாய்ந்தன. கடைக்காரன் போட்டதை எடுத்தேன். பிரவுசர் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

போன் போட்டேன். "காலைல பேசின மேடம்தான். நான் எதையும் தப்பா அழுத்தலங்க. உங்க கடைல போட்டு அனுப்பின வைரஸ் தடுப்புதான் தப்பு. எடுத்துட்டேன். அடுத்தவங்களுக்காவது அதைப் போடாம அனுப்புங்க." அவன் என்னவோ சொல்ல வந்தான். "வீட்ல பசங்க யாருமில்ல. நானே பாத்தேன்" என்று சொல்லி வைத்தேன்.

உன் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையும் அது சொல்லிக் குடுத்துட்டுப் போச்சா?" என்றார்.

"இல்லண்ணா. இது நான் பாத்தது."

"சரி... அந்த இடத்து விஷயம் யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். கடை இருக்கும்ணா. அவ பேரும் போர்டுல இருக்கும்."

எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

நாளைக்கு மறுபடி வரலாம். பங்கு கேட்கலாம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வரலாம். வரட்டும். உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லாம் நீ சாது, பொறுமைசாலி, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று அழுதார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. உயிரோடு இருந்தபோது அவர்களேதான் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அதுதான் சரி. அந்தத் திமிர் இப்போது என்னிடம் இருக்கிறது. உன் பங்கு என்று உன் அண்ணன் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும், இதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.