வேனில் ஐந்து படுக்கை

25-4-1993, ஞாயிறு. இரும்புலியூர்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, குடும்பமாக ஊர் ஊராகப் போய் அதிலேயே சமைத்துத் தங்குவதற்கேற்ப மாற்றுகிறான் மகன் ரகு. வரைபடம் என்னுடையது. இன்று ஆசாரி பலகை அடித்து முடித்ததும் எல்லோரும் ஏறிப் பார்த்தோம். முப்பது வருஷமாக இந்த வீட்டில் சமைக்கும் என் தங்கை கமலா, அடுப்பு மேடை முன் நின்று கரண்டி பிடிப்பதுபோல் கையை வைத்துப் பார்த்தாள். உயரம் கச்சிதம்.

"நான் எங்கேண்ணா படுக்கறது?" என்றாள்.

படுக்கைகளை எண்ணினேன். நான், மனைவி, ரகு, மருமகள், பேத்தி. ஐந்துதான்.

"அத்தைக்கு எதுக்கு பெர்த்? நாலு மணிக்கே எழுந்து இட்லி ஊத்தணும். அடுப்பாண்டையே சாஞ்சுக்கட்டும்" என்றான் ரகு.

"அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க" என்று மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை. என் படுக்கையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

"மேடை நல்லா இருக்குண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராத்திரிச் சமையலுக்குப் புளி ஊறவைக்க இறங்கிப் போனாள் கமலா.

இப்போது வரைபடத்தை விரித்துப் பார்க்கிறேன். மேடைக்காக அவளை நிற்கவைத்து அளந்த முழங்கை உயரம் ஓரத்தில் இருக்கிறது: மூன்றடி ஓரங்குலம். அவளுடைய முழு உயரம் என்ன என்று எனக்குத் தெரியாது.