என் தோட்டத்தில் நானே கூலிக்காரன்

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி றமீஸாவின் மகன் நுஹ்மான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் மிளகையும் ஜாதிக்காயையும் வாங்கி, ஃபேஸ்புக்கில் படம் காட்டி ஜெர்மனி, கனடா என்று விற்கிறான்.

"மாமா, ஷர்ட்டைக் கழட்டுங்க. அந்தக் கிழிஞ்ச சாரத்தைக் கட்டிட்டு வாங்க."

"எனக்குப் பொண்ணு பாக்கப் போறியாடா? அப்ப நல்ல சாரம்ல கட்டணும்?"

சிரித்தான். பல்லைக் காட்டச் சொன்னான். இருக்கிற நாலையும் காட்டினேன், ஃபோனில் வீடியோ பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 4

மழை. மிளகை அள்ளி உள்ளே போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 6

கட்டாரிலிருந்து மகள் றுக்ஸானா பேசினாள். எடுத்ததும் அழுகை. "வாப்பா, நீங்க யாருட வீட்டுல கூலிக்கு நிக்கிறீங்க?"

நுஹ்மான் வீடியோவில் இங்கிலீஷில் போட்டிருப்பதை வாசித்துச் சொன்னாள். இந்தக் கிழவர் எங்கள் குடும்பத் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து வேலை செய்கிறார். பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள். நாங்கள்தான் சோறு போடுகிறோம். நீங்கள் மிளகு வாங்கினால் இவர் பசியாறுவார்.

யா அல்லாஹ். என்ட தோட்டம். என்ட வாப்பா வெட்டின கிணறு. நான் கூலியா? என்ட புள்ள என்னைக் கைவிட்டாளா? ஒரு நாள் தவறாமப் பேசுற புள்ள...

கீழே உலகத்து ஆட்களெல்லாம் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 7

சந்தியில் கடை வைத்திருக்கிற இராமையா என்னைக் கண்டதும் எழும்பினான். "வாங்க முதலாளி... அடடா, மறந்துட்டேன், கூலிக்காரர்ல! பசியோட இருப்பீங்க, ஒரு பிளேன்டீ இனாமாத் தரவா?"

கடையே சிரித்தது. இந்த ஊரில் நான் கிண்டல் பண்ணாத ஆளில்லை. இன்றைக்கு வாங்க வந்ததையும் வாங்காமல் திரும்பி நடந்தேன்.

ஆகஸ்ட் 9

நுஹ்மானைப் பிடித்துக் கேட்டேன். வெட்கமே இல்லை. "வெளிநாட்டு ஆக்கள் மிளகையா வாங்குறாங்க மாமா? கதையத்தான் வாங்குறாங்க. மிளகு எல்லா நாட்டுலயும் இருக்கு. உங்கட முகம் எங்க இருக்கு?"

அழித்துவிடு என்றேன். ஓர்டர் வருகிற நேரத்தில் அழித்தால் பேஜ் செத்துவிடுமாம். வெள்ளிக்கிழமை லைவ் வேறு. அப்படியே நேராக உலகத்துக்குப் போகுமாம், நடுவில் வெட்ட முடியாதாம். "நீங்க சும்மா பின்னால கூட்டிக்கிட்டு நில்லுங்க."

வெட்ட முடியாதா? "சரி மகன்" என்றேன். தலையைக்கூடத் தடவிவிட்டேன்.

ஆகஸ்ட் 12

பூனைக்காலிச் சொணையை அவன் ஷர்ட்டுக்குள் போடலாமா? அரிப்பெடுத்து ஆடுவான். ச்சீ, சின்னத்தனம். என்னை உலகத்துக்கு முன்னால் அவமானப்படுத்தினான். அவனுக்கும் உலகத்துக்கு முன்னால்தான்.

ஆகஸ்ட் 13

றமீஸாவிடம், "வெள்ளிக்கிழமை வந்து மகன்ட லைவைப் பாரு" என்றேன். பெருமையில் பூரித்துப்போனாள், பாவம். அவள் நிற்கும்போது தாய்மாமன் சொல்லைத் தட்டினால் நுஹ்மானுக்கு முதுகில் அகப்பை விழும். முப்பது வயதானாலும் விழும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிழிந்த சாரம் கட்டவில்லை. பெருநாள் ஜுப்பா, தொப்பி, அத்தர். நுஹ்மான் ஃபோனுக்கு முன்னால் இங்கிலீஷில் உருகிக்கொண்டிருந்தான். நடுவில் கதிரையைப் போட்டுக் கால்மேல் கால் போட்டேன்.

"நுஹ்மான்! பிளேன்டீ கொண்டு வா."

முழித்தான். "மாமா, லைவ் போகுது..."

"மாமா கேக்கிறார், பாத்துக்கிட்டு நிக்கிற!" என்றாள் றமீஸா. ஓடினான்.

"சீனி பத்தாது." திரும்ப ஓடினான். "செருப்பை எடு. சாக்கை உள்ளுக்குப் போடு. அப்படியே முத்தத்தைக் கூட்டு."

கூட்டினான்! வேர்த்து ஊத்த, ஃபோனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கூட்டினான். நான் ஃபோனுக்குக் கிட்டப் போய்த் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன்: "தோட்டம் என்னோடது. இவன் என் மருமகன். என்ட மகள் என்னை ராசா மாதிரி வச்சிருக்கா." இத்தாலியில் இருக்கிற நம்ம ஆட்கள் சிரித்துச் சிரித்து எழுதினார்களாம்.

இன்றைக்குத்தான் சோறு ஒழுங்காக இறங்கியது.

ஆகஸ்ட் 18

இது என்ன அநியாயம்? யாரோ அந்த லைவில் ஒரு துண்டை வெட்டி எல்லா இடமும் ஓடவிட்டிருக்கிறான். நம்ம பாஷை தெரியாதவர்களுக்கு நான் கொடுமைக்கார முதலாளியாம், நுஹ்மான் அப்பாவி வேலைக்காரனாம். அவனைக் காப்பாற்ற மிளகு வாங்குங்கள் என்று பிரான்சில் ஒரு பொம்பிளை எழுதியிருக்கிறாளாம். ஓர்டர் குவியுது.

நான் அடிச்ச அடியில அவன் கொழுத்துட்டான்.

ஆகஸ்ட் 21

நுஹ்மான் சொக்லட் பெட்டியோடு வந்தான். "மாமா, நாளைக்கு லைவ்லயும் என்னை ஏசுங்க. இன்னும் கொஞ்சம் காரமா."

பழைய வீடியோவை அழி, மிளகு பாக்கெட்டில் 'ஜைனுதீன் தோட்டம்' என்று என் பேரைப் போடு, அப்போது ஏசுகிறேன் என்றேன். என் கண்முன்னாலேயே அழித்தான். றுக்ஸானா கேட்டுச் சிரித்தாள். இராமையா மறுபடி முதலாளி என்கிறான்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்கும் ஏசினேன். நன்றாகத்தான் அழுதான், கழுதை. முடிந்ததும் ஃபோனை எடுத்துப் பையில் வைத்தான். ஏசி ஏசி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. "மகன், ஒரு பிளேன்டீ" என்றேன், உண்மைக்கே.

பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: "லைவ் முடிஞ்சிருச்சே மாமா."

பக்கத்தில் றமீஸாவும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருந்தாள்.

நானே எழும்பிப் போய்த் தண்ணீர் வைத்தேன். எனக்கும் றமீஸாவுக்கும் சீனி. அவனுக்கு உப்பு, நன்றாகக் கலக்கி.