ஆலாவுக்குப் போட்ட கிடுகு

அன்பு மச்சான் யோகு,

நீ ஊரைவிட்டுப் போய் மூன்று சோளகக் காற்றுக் காலம் கடந்துவிட்டது. இவ்வளவு நாளும் எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்றால், வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் நீயும் நானும் கரைவலை இழுத்த பாடு, அந்தக் கரைத்துண்டின் வடக்கு மூலையில், ஆலாப் பறவைகள் இந்த முறையும் மணலில் முட்டையிட்டன. முன்பு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. இந்த வருடம் ஏழே ஏழு கூடு. ஆலா மீனுக்காகக் கடலில் விழுகிற இடம் பார்த்துத்தானே வலை வளைக்கச் சொல்வாய்? இப்போது கரையோரம் அவை விழுவதே அரிது. தண்ணீர் சுடுகிறது, மச்சான். சூடைமீன் குஞ்செல்லாம் ஆழத்துக்கு ஓடிவிட்டன.

தாய் ஆலா நெஞ்சை நனைத்து வந்து முட்டைமேல் இருந்து சூட்டைத் தணிக்கும், உனக்குத் தெரியும். இப்போது இரை தேடிக் கண்காணாத தூரம் போகிறது. திரும்பி வருவதற்குள் முட்டை மணலிலேயே அவிந்துவிடும் போலிருந்தது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கம்பு நட்டு, தென்னோலைக் கிடுகு போட்டு, கூடுகளுக்கு நிழல் கட்டினேன். பெரிய புண்ணியவான்! ஆலாக்கள் பந்தலுக்குப் பயந்து கிட்டவே வரவில்லை. காகங்கள் வந்தன. கிடுகில் குந்தியிருந்து, ஆறுதலாக இறங்கி, ஐந்து கூட்டை முடித்துவிட்டன.

உன் தங்கச்சி விடுவாளா? “உங்கட இரக்கத்தைக் கொண்டுபோய் அடுப்பில வையுங்கோ. அண்ணை இங்க இருந்திருந்தா அந்தக் கிடுகாலயே ரெண்டு போட்டிருப்பார்” என்றாள். போட்டிருப்பாய்தானே?

பிறகு பறவைகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். கிடுகைப் படம் எடுத்தார். மீனவரால்தான் பறவை அழிகிறது என்று எழுதிக்கொண்டார்.

“ஓம், கிடுகு என்ர பிழைதான். கடல் கொதிக்கிறதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றேன்.

“அது உலகப் பிரச்சினை, ஐயா.”

“அப்ப இந்த மணல் எந்த உலகத்தில கிடக்குது, தம்பி?”

ஜீப்பில் ஏறி, கண்ணாடியைப் பூட்டி, ஏசியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எவனெவனோ எங்கெங்கோ குளிர்ச்சியாக இருக்க, இங்கே முட்டை அவிய வேண்டுமா? இந்தக் கோபத்தை நான் யார்மேல் காட்டுவது? நீயாவது சொல்லு.

கிடுகைப் பிடுங்கி எரித்துவிட்டேன். மிஞ்சிய இரண்டு கூட்டிலுமாகச் சேர்த்து மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. இன்று காலை அதிசயமாக ஒரு சின்னச் சூடைக் கூட்டம் கரைக்கு வந்தது. தாய் ஆலா இரைக்குக் கடலில் விழுந்தது. அதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நான் வலைக்கு ஓடினேன்.

“அதையும் அள்ளப் போறியளோ?” என்று பின்னால் உன் தங்கச்சி கத்தினாள்.

கையில் கயிற்றோடு அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது, மச்சான். அந்த ஜீப்காரனை ஏசிய வாய் இதுதானே?

அந்த மூன்றும் பறக்கும்வரை எங்கள் பாட்டில் வலை விழாது. இழுக்கிற ஆட்கள் முகத்தைச் சுழிக்கிறார்கள், சுழிக்கட்டும். கடலை ஆறவைக்க என்னால் முடியாது. வலையைக் காயவைக்க முடியும்.

உன் தங்கச்சியிடம் இன்னும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்