இருபதில் பத்தொன்பது

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று, உன்னோடு பேசிவிட்டு அவள் போனை வைத்ததும் கேட்டுக்கொள்கிறேன், நல்லா இருக்காளாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, அது எனக்குப் போதவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அந்த ஜப்பான்கார அம்மாவோடு கூட்டுச் சேர்ந்து கியோசா என்கிற அவர்கள் ஊர்க் கறிக்கொழுக்கட்டைக்குக் கடை போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது, மாவு மடிக்கறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன் என்று கத்தினேன். ஒரே ஒரு தடவை இருபது மடிச்சு, ஒண்ணுகூடப் பிய்யாம எடுத்துக் காட்டுங்கப்பா, அப்புறம் பேசலாம் என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அதோடு சரி. ஆனால் பேசுவதற்குத்தானே நிபந்தனை போட்டாய், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு இருக்கிற ரோஷம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? அந்த ஞாயிற்றுக்கிழமையே மைதா வாங்கி வந்துவிட்டேன். வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, தேய்த்து, டம்ளர் விளிம்பால் வட்டம் வட்டமாக வெட்டினேன், அதுவரைக்கும் பெரிய வித்தை இல்லை. முட்டைக்கோஸில் உப்பைப் போட்டுப் பிழிந்து தண்ணீரை எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கொத்துக்கறியோடு அப்படியே வைத்து மடித்தேன், இருபதும் ஊறிப் பிய்ந்து கஞ்சியானது. அடுத்த வாரம் பிழிந்தேன், ஆனால் நான் தண்ணீர் குடிக்கத் திரும்பின நேரத்தில் உன் அம்மா கல்லில் இருந்த அத்தனையையும் திருப்பிப் போட்டுவிட்டாள், ஏன் என்றால் மேல்பக்கம் வெளுத்துப் போய்ப் பாவமா இருந்துச்சு என்கிறாள். ஒரு பக்கம் மட்டும்தான் சிவக்க வேண்டும் என்பதை அவள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மடிப்புக்கு மாடி வீட்டுத் தையற்காரம்மாவிடம் போனேன். முன்பக்கத்தை மட்டும் சுருக்குங்க, பின்பக்கம் நேரா நிக்கட்டும், சட்டைக்குக் கை வெக்கற மாதிரிதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஸ்பானர் பிடித்த என் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

அப்புறம் மூடி. அடி சிவந்ததும் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு ஆவியில் வேகவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பாய்லரோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தினவன் நான், ஆவியை அடைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் சும்மா நிற்பது எனக்கு ஆகாத காரியம். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்தேன், மேல்தோல் வறண்டு உள்ளே வேகாமல் நாலு வாரம் வீணாயிற்று. அப்புறம்தான் உறைத்தது, பாய்லரையே நான் காதால்தானே கவனித்தேன். தண்ணீர் இருக்கும் வரைக்கும் ஒரு கொதிக்கிற சத்தம், வற்றினதும் எண்ணெய் படபடவென்று பொரிகிற சத்தம், அந்தச் சத்தம் மாறுகிற வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது எனக்கு இருபது மடிக்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆகிறது. முடிக்கும்போது கழுத்து நிமிராது. கடை திறக்கும் முன்னாலேயே, கை பழக நீ ஒரு நாளைக்கு நானூறு மடிக்கிறாய் என்று அம்மா சொன்ன அன்றைக்கு, மாவுக் கையோடு சமையலறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு நான் பேசினது தப்பு கண்ணு. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீ பத்திரமாக இருப்பாய் என்று நினைத்தேன், நான் பாய்லர் பக்கத்தில் வெந்த மாதிரி நீயும் வேகக்கூடாது என்று நினைத்தேன், அதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் கத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது முழுசாக வந்தன, அடி பொன்னிறம், தட்டினால் சத்தம் கேட்டது. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டு அடி கிழிந்தது. இருபதுன்னே எழுதுங்க, அவ என்ன வந்து எண்ணவா போறா என்றாள் அம்மா. பாய்லர் நோட்டில் முள் காட்டாத நம்பரை ஒரு நாளும் எழுதினவன் இல்லை, மகளுக்கா எழுதுவேன்? பத்தொன்பதுதான்.

மூடியைத் திறக்கும்போது உன் பக்கம் திறக்காதே, எதிர்ப்பக்கம் தூக்கு, ஆவி முகத்துக்கு வந்தால் திரும்பிப் பார்க்க நேரம் கொடுக்காது. ஈரத்தரையில் செருப்போடு நிற்காதே, ஷூ போடு. வியாபார மும்முரத்தில் பிய்ந்ததையே தின்று வயிற்றை ரொப்பிக்கொள்ளாதே, உட்கார்ந்து சாப்பிடு. உன் கையும் கடையும் நன்றாக இருக்க வேண்டும், நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும்.

கடை திறக்கிற அன்றைக்கு நாங்கள் அங்கே இருப்போம், டிக்கெட் எடுத்துவிட்டேன். வரவேண்டாம் என்றால் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கே போன் பண்ணிச் சொல்லு. வரலாம் என்றால், சாப்பிடுகிறவர்கள் மேஜையில் என்னை உட்கார வைக்காதே, உள்ளே உன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விடு. இருபதாவதை அங்கே வந்து மடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா