இப்போதைக்கு ஒரு மீன் போதும்

இன்று காலை, தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றக் கேனைத் திறந்ததும் இனயத்துக் கடல் வாசனை குப்பென்று ஆய்வகம் முழுக்கப் பரவியது. தண்ணீர் கொண்டுவந்தது உன் தம்பி. கரையோரத் தண்ணீர் வேண்டாம், வள்ளத்தில் உள்ளே போய் மொண்டு வா என்று சொல்லியிருந்தேன். "அக்கா சொல்லுத மாதிரியே சொல்லுதிய டீச்சர்" என்றான்.

தக்கலைப் பள்ளியில் நாம் இருவரும் உயிரியல் நடத்திய அதே அறை, சன்னலோரம் அதே இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. நீ போனபின் மூன்று வருடம் காய்ந்து கிடந்தது. மீன் வாடையே ஆகாத வீட்டில் பிறந்த நான், இறால் துண்டை என் கையால் போட்டு அழுகவிட்டு, மணலிலும் பாறையிலும் நுண்ணுயிர்கள் பிடிக்க ஐந்து வாரம் காத்திருந்தேன். ஒரு வாரமாகத் தண்ணீரில் மீனைக் கொல்லும் அம்மோனியா இல்லை. மீன் விடலாம். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நாம் முதலில் மீன் விட்ட அன்றைக்கும் தொட்டி இப்படித்தான் பக்குவமாகி நின்றது. ஒரு மீன் விட்டு, இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததை விடுவோம் என்றேன். நீயோ இனயத்துப் பாறை இடுக்குகளில் பிடித்த ஐந்து மீன்களை வாளியோடு மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாய். "சும்ம கெடட்டி. பால்காய்ச்சுக்கு ஒத்தையாளா வீடு ஏறுவாவ? குடும்பத்தோட ஏறட்டு" என்று ஐந்தையும் விட்டாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஐந்தாம் நாள் எல்லாம் மிதந்தன. புதிதாகப் பிடித்த நுண்ணுயிர்களால் ஐந்து மீன்களின் கழிவைத் தின்று தீர்க்க முடியவில்லை என்று வகுப்பில் நீயே விளக்கினாய். "நான்தான் அவசரப்பட்டேன்" என்று தலைமையாசிரியையிடமும் சொன்னாய். கடற்கரைக்காரிக்கு மீன் வளர்க்கத் தெரியவில்லையே என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நீயும் கூடவே சிரித்தாய். ஆனால் அதன்பின் அந்தச் சன்னல் பக்கமே நீ போகவில்லை.

நீ அறியாதது இது. மதிய இடைவேளையில் நான் தனியாக இருக்கும்போது அவை கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. காலையில் நீ போட்ட தீனி போதாதென்று நினைத்து, தினமும் மதியம் நான் ஒரு பிடி போட்டேன். தொட்டியைக் கழுவியபோது பாறைக்கடியிலிருந்து அழுகிய தீனியைக் கை நிறைய வழித்தெடுத்தேன். நீ பக்கத்தில்தான் மணல் அலசிக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "ஏட்டி, அந்தத் தொட்டிய சும்ம போட்டிராத. ஒண்ணு மட்டும் விடு. என்ன மாதிரி ஆக்கங்கெட்ட வேல பாக்காத." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவளிடமும் நல்லபெயர் வாங்க நினைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

உன் கதையை ஆய்வக உதவியாளர் அக்கா வருடாவருடம் புதுப் பிள்ளைகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். இன்று அவரையும் நிறுத்திவைத்து, வகுப்பின் முன் நடந்ததை எல்லாம் சொன்னேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி, "அந்த டீச்சர்ட்ட சொன்னியளா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா. பயந்துட்டேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திருவனந்தபுரத்துக் கடையில் வாங்கிய கோமாளி மீன் பையோடு தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் பழக்கி, வெளியே விட்டேன். ஒன்றே ஒன்று. அடுத்தது இரண்டு வாரம் கழித்து, அம்மோனியா ஏறவில்லை என்றால் மட்டும்.

உன் பெயரில் கிடந்த பழியை இனி நான் சுமக்கிறேன். இந்தத் தொட்டி பிழைக்கும், பிழைக்கவைப்பேன். இப்போது மதியம். மீன் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறது. காலையில் விட்டபின் கொஞ்சம் தீனி போட்டாயிற்று. நாளைக் காலை வரை போட மாட்டேன்.